லீப்ர் எண்டால் சும்மா இல்லை

தக்சிபோன் கடையில் இருக்கிறவளுக்குக் காது நன்றாகக் கேட்கவேண்டும், ஆனால் கேட்டது எதுவும் வாய்வரை வரக்கூடாது. இந்தத் தொழிலுக்கு வேறு படிப்புத் தேவையில்லை.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. பத்து வருஷம் ஆபீஸ் கந்தோர்களைக் கூட்டித் துடைத்து, முழங்கால் இனி ஏலாது என்று சொன்ன பிறகு, பிரெஞ்சுத் தலைநகரத்தில் எங்கள் ஆட்கள் கூடுகிற லா சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில், குகனுடைய கடையில் வந்து உட்கார்ந்தேன். வெளிநாட்டுக்குப் பேச ஆறு கபின், எட்டுக் கொம்பியூட்டர், ஒரு பிரின்டர். குகனுக்கு அடுத்த தெருவில், ரூ காயில், பலசரக்குக் கடையும் இருந்ததால் அவர் அங்கே, நான் இங்கே. என்னைவிட இருபது வயது இளையவர். முதலாளி அவர்தான், என்றாலும் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்து பிறத்தியாருடைய பாஸ்வேட்டை மறக்கப் பாடுபட்டவர்களுக்கும், முகம் தெரியாத ஆட்களோடு இன்ரநெற்றில் 'எந்தச் சிஸ்டம் நல்லது' என்று சண்டைபிடித்து அடுப்பில் சோற்றைக் கருகவிட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

மேசையில் கிடந்த கதை

2009. கபினுக்குள் நின்று ஊருக்கு அடித்தால், அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இராது. அப்படியொரு வருஷம். அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள் கபினுக்குள் போனதைவிடக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்ததுதான் கூட. அகதி விண்ணப்பத்துக்குத் தன் கதையைத் தானே எழுதவேண்டும். 'கேஸ் எழுதுறது' என்போம். எழுதும்போது சிலர் அழுவார்கள், சிலர் எழும்பிப் போய் வாசலில் நின்றுவிட்டு வருவார்கள்.

செல்வி என்று ஒரு பெண் மூன்று நாள் இருந்து எழுதினாள். பிரின்ட் எடுத்துக்கொண்டு போனாள். எழுதியதை அழிக்கவேண்டும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது திரையின் முகப்பிலேயே கிடந்தது. திரை முகப்பைப் பிரெஞ்சில் மேசை என்றுதான் சொல்லுவார்கள். அடுத்து வந்து இருந்த இரண்டு ஆம்பிளையள் அதைத் திறந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். பிந்திவிட்டது. அந்தக் கிழமை முடிவதற்குள் அவளுடைய கதை மரக்கறிக் கடை வரைக்கும் போய்விட்டது. செல்வி பிறகு வரவேயில்லை. என்னைக் கண்டால் மற்றப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவாள்.

இந்தக் கடையில் ஒருவர் எழுதியதை அடுத்தவர் வாசிக்க இனி விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. வாசித்த இரண்டு பேரையும் நான் வெளியே போகச் சொன்னபோது அதில் ஒருவர் உண்மையாகவே மனம் நொந்து சொன்னார்: "அக்கா, நாங்கள் ஒண்டையும் களவெடுக்கேல்லை. மேசையிலைதானே கிடந்தது."

லீப்ர்

பெர்னார் ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர். மடகஸ்காரில் இருக்கும் மகளோடு கதைக்க எங்கள் இரண்டாம் கபினுக்கு வருவார். நான் மெசின்களைத் திட்டிக்கொண்டிருப்பதைத் தமிழ் தெரியாமலே விளங்கிக்கொண்டு, ஒரு நாள் ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். லினக்ஸ். 'லொஜிசியேல் லீப்ர்', அதாவது சுதந்திர மென்பொருள் என்றார். உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், அதனால் களவாக எதையும் ஒளித்துவைப்பது லேசில்லை என்றார். வாடிக்கையாளர் வேலை முடித்து எழும்பின கையோடு எழுதியது, பார்த்தது, தேடியது எல்லாம் போய்விடும்படியும் வைக்கலாம், டிஸ்க்கில் பதியவே பதியாது என்றார். நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் எட்டு மெசினுக்கும் போட்டோம். சட்டம் வைக்கச் சொல்லுகிற குறிப்பு, அதாவது எந்த மெசின் எத்தனை மணிக்கு இணைந்தது என்பது மட்டும், தனியாகப் பூட்டுக்குள் இருந்தது.

பெருமையில் கண்ணாடியில் பெரிதாக எழுதி ஒட்டினேன்: 'இங்கே எல்லாம் லீப்ர்'. அன்றைக்கே கரைச்சல். லீப்ர் என்று போட்டுவிட்டு ஏன் மணித்தியாலத்துக்குக் காசு கேட்கிறாய் என்று ஒருவர் கவுண்டரில் நின்று சண்டை. எனக்கும் சொல்லி விளங்கப்படுத்தத் தெரியவில்லை. பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த முசியே ரெமோன், பாண்டிச்சேரிக்காரர், பழைய பட்டாளத்து ஆள், தலை நிமிராமலே சொன்னார்: "தக்சி மேல லீப்ர்னு லைட் எரிஞ்சா சும்மாவா ஏத்திக்கினு போவான்? உள்ள வேற எவனும் குந்திக்கினு இல்லன்னு அர்த்தம்யா."

எனக்கு மூலமாம்

பெர்னார் சொல்லித் தந்தது பிரெஞ்சில். தமிழில் கேட்க ஆள் வேண்டுமென்று இன்ரநெற்றில் ஒரு கருத்துக்களத்தில் சேர்ந்தேன். லண்டன், கனடா, சென்னை என்று எல்லா இடத்து ஆட்களும் அங்கே சண்டைபிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வைத்த பெயர் 'நாலாம் நம்பர்'. வாசலிலேயே நின்று எதிர்த்தவர் பெயர் 'வன்பொருள் வேந்தன்'. எழுத்துப் பிழையே விடமாட்டார். எல்லாவற்றையும் 'உண்மையில் சொல்லப்போனால்' என்றுதான் தொடங்குவார். லினக்ஸ் என்பது வேலையற்றவர்களின் விளையாட்டு, கடை நடத்துகிறவர் அதைப் போடுவது தற்கொலை என்று முதல் நாளே எழுதினார். பெண்பிள்ளை என்று தெரியாமல் 'தம்பி' என்றும் கூப்பிட்டார். நான் திருத்தவில்லை.

இந்த மாதிரி மென்பொருளுக்குத் தமிழில் 'திறந்த மூலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதனால் என் முதல் பதிவுக்குத் தலைப்பாக 'திறந்த மூலம்: என் அனுபவம்' என்று பெரிய எழுத்தில் அடித்துவிட்டு, கபினில் யாரோ தட்டினார்கள் என்று எழும்பிப் போனேன். திரும்பி வந்தபோது பரா அண்ணை, தினமும் ஊர்ச் செய்தி வாசிக்க வருகிறவர், என் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு இரக்கம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தங்கச்சி, வெக்கப்படாதை. குகன்ரை கடையிலை கரணைக்கிழங்கு வந்திருக்கு, திறந்திருக்கேக்கையே கவனிச்சால் மாறும்."

ஆள் பார்த்துப் பழகும் சிஸ்டம்

இருந்த பிரின்டர் பழுதாகிவிட, குகன் ஒரு புதுப் பிரின்டர் வாங்கி வந்தார். பிரின்ட் எடுக்கும், கொப்பி எடுக்கும், ஸ்கான் பண்ணும், பாக்ஸ் அனுப்பும். ஆனால் எங்கள் மெசின்களோடு மட்டும் கதைக்காது. வயரை மாற்றினேன், கும்பிட்டேன், இரண்டு தட்டும் தட்டினேன். விசா கொடுக்கிற பிரிபெக்சருக்குப் போக, நேரம் குறித்த ரொந்தேவூக் கடிதத்தைப் பிரின்ட் எடுக்க ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பவேண்டியதாய்ப் போயிற்று. அந்தக் கடைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. களத்தில் போய்க் கேட்டால் வன்பொருள் வேந்தன் காத்திருந்தவர் மாதிரி, உண்மையில் சொல்லப்போனால் பிரின்டரை வாங்குவதற்கு முதல் கேட்டிருக்கவேண்டும் தம்பி என்று எழுதினார். அதில் மட்டும் அவர் சொன்னது சரி.

குகன் பயந்த மனுசன். பொலிசுக்குப் பயம், வாடிக்கையாளருக்குப் பயம், ஊர்ச் சங்கத்துக்கு அதைவிடப் பயம். அந்த நேரம் பார்த்து ஒரு கோட்டுக்காரர் கடைக்கு வந்தார். பழைய சிஸ்டத்தைப் போட்டுத் தருவாராம், கூடவே ஒரு புரோகிராமும் சும்மா தருவாராம். அது ஒவ்வொரு திரையையும் அடிக்கடி படம்பிடித்து வைத்துக்கொள்ளும். படம் எல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். எங்களிடம் பத்திரமாக இருக்கும் என்றார். செல்வியின் கதையைப் படம்பிடித்துப் பத்திரமாக வைக்க இன்னொருவர். நான் மாட்டேன் என்றேன். குகனுக்கோ அது பிடித்துப்போயிற்று, நாளைக்கு யாரும் வந்து கேட்டால் காட்ட ஒன்று இருக்குமே என்று. கடைசியில் பிள்ளையார் தேர் வரைக்கும் எனக்குத் தவணை தந்தார். அதற்குள் ஆட்கள் முறைப்பாடு சொன்னால் கோட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

அடுத்த நாள் காலமை ரூ பிலிப்-து-ஜிராரில் வரும்போது, உடைந்த கதிரைக்குப் பக்கத்தில் யாரோ நடைபாதையில் எறிந்துவிட்ட பழைய பிரின்டர் ஒன்று. மரக்கறி வாங்குகிற தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். செருகினேன். ஆட்டுக்கடா மாதிரி இரண்டு தரம் கனைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகத் தள்ளத் தொடங்கிவிட்டது. குகன் வந்து பார்த்தார், புதியதைப் பார்த்தார், பழையதைப் பார்த்தார்: "கடையிலை வாங்கினது வாய் திறக்கேல்லை, குப்பையிலை கிடந்தது கதைக்குது. உங்கடை சிஸ்டம் ஆள் பாத்துத்தான் பழகுமோ அக்கா?"

ஐந்து பக்கம்

எல்லாம் என் பக்கம் நியாயம் என்று நான் சொல்லவரவில்லை. கார்த்திக் என்று தமிழ்நாட்டுப் பெடியன், இங்கே பெரிய படிப்புப் படிக்கிறான், அவனுடைய மடிக்கணினி பழுதாகி ஒரு பின்னேரம் முழுக்க எங்களிடம் இருந்து ஐந்து பக்கம் எழுதினான். எழுதி முடித்துச் சோம்பல் முறித்துவிட்டு, 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினான். மெசின் தன் வேலையைச் செய்தது. ஐந்து பக்கமும் போயிற்று.

அழுத்தினால் அழியும் என்று சுவரில் எழுதி ஒட்டித்தான் இருந்தேன், யாழ்ப்பாணத் தமிழில். அவனுக்கு அது விளங்கவில்லையாம். அன்றிலிருந்து பிஸ்கட் தகரம் ஒன்றுக்குள் யுஎஸ்பி துண்டுகள் போட்டு வைத்து, இருக்க வருகிற ஆளின் கையில் ஒன்றைத் திணித்துவிட்டுத்தான் மெசினைக் காட்டினேன். உன்னுடையது உன் பொக்கற்றில், என்னிடம் ஒன்றும் இல்லை. கார்த்திக் திரும்ப இருந்து ஐந்து பக்கத்தையும் எழுதினான். நான் தேத்தண்ணி கொடுத்தேன், ஆனால் அவன் மன்னிக்கவில்லை: "ஆன்ட்டி, உங்க சிஸ்டத்துக்கு ப்ரைவசி இருக்கு, எனக்குத்தான் ப்ராஜெக்ட் இல்ல."

காணாமற்போன அம்மா

ஒரு பெரியவர் தாயின் அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, அழைப்பு அடித்து வைத்திருந்தார், வீட்டுக் கொம்பியூட்டரில், எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்த நாளில் பாவித்த பாமினி எழுத்தில். பிரின்ட் எடுக்கக் கொண்டுவந்தால் எங்கள் மெசினில் அந்த எழுத்து இல்லை. திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. 'அம்மா' இருக்கவேண்டிய இடத்தில் mk;kh என்று நிற்கிறது. இது வெறும் எழுத்துரு விஷயம், ஐந்து நிமிஷத்தில் போட்டுவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவர் திரையில் விரலை வைத்து அம்மாவைத் தேடத் தொடங்கிவிட்டார். போட்டுக் கொடுத்தேன். அம்மா வந்தா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கடுமையாகவே சொன்னார்: "செத்த மனுசியை ஏன் பிள்ளை இன்னொருக்கால் சாக்காட்டினனீ?"

கபின் கதவு

களத்தில் சண்டை முற்றியது. கோட்டுக்காரரின் புரோகிராமைப் பற்றி எழுதி, இது சரியா என்று கேட்டிருந்தேன். வன்பொருள் வேந்தன் நீளமாகப் பதில் போட்டார். உண்மையில் சொல்லப்போனால், ஒழுங்காக நடக்கிறவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது, கமெரா வைத்த கடைக்குக் கள்ளன்தான் வரமாட்டான் என்று. பதினேழு பேர் அதற்குக் கை தட்டினார்கள். இரண்டு பேர் என்னை யாருடைய ஆள் என்று கேட்டார்கள். எங்கள் களங்களில் அந்தக் கேள்வி வராமல் ஒரு வாதமும் முடிந்ததில்லை, உங்களுக்குத் தெரியும்.

நான் ஒற்றை விரலால் அடித்து அடித்து ஒரு பின்னேரம் முழுக்கப் பதில் எழுதினேன். என் கடையில் ஆறு கபின். ஆறுக்கும் கதவு. இத்தனை வருஷமாக உள்ளே போனவர்கள் என்ன ரகசியம் கதைத்தார்கள்? என்ன கறி, மழையோ, கோழி முட்டை இடுகிறதோ, இதுதான். கதவைக் கழற்றிப் பாருங்கள், கோழியைக்கூட விசாரிக்கமாட்டார்கள். ஆளுக்குக் கதவு வேண்டியது குற்றம் செய்வதற்கு இல்லை, தன் குரலில் கதைப்பதற்கு. இப்படி எழுதி அனுப்பினேன். நாலாம் நாள் அவருடைய பதில் வந்தது: "உண்மையில் சொல்லப்போனால், தம்பி, உங்கள் பதிவில் பதினொரு எழுத்துப்பிழைகள் உள்ளன, திருத்திவிட்டு வாருங்கள், பதில் தருகிறேன்."

ஒன்றையும் திருத்தவில்லை. இன்னும் அப்படியே கிடக்கும், தேடினால் வாசிக்கலாம்.

நாலாம் மெசின்

வதனி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவாள். சுவரோரம் இருக்கிற நாலாம் மெசின்தான் வேண்டும், முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்க ஏலாது. ஒரு மாதம் வந்தாள். எழுதும்போது தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும். என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்கவில்லை. பிறகு வரவில்லை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று தெரு கதைத்தது. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது.

தேருக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவளுடைய புருஷனின் தமையன் சிவபாதம் வந்தார். கோயில், சங்கம், தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் முன்வரிசைக் கதிரைக்காரர். என்னிடம் வரவில்லை, நேரே ரூ காய்க்குக் குகனிடம் போனார். குகன் பயத்தில், அக்கா காட்டுவா என்று வாக்குக் கொடுத்து அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சிவபாதம் நாலாம் மெசினில் போய் உட்கார்ந்தார். யாருக்கு எழுதினாள், எந்த விலாசத்துக்கு எழுதினாள், எங்கே போய் நிற்கிறாள், இவ்வளவும் வேண்டும் அவருக்கு. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். வெறுமை. போன மாதத்தைத் தேடினார். நேற்றையதைத் தேடினார். அவருக்கு முதல் இருந்தவர் பார்த்த கிரிக்கெட்கூட இல்லை. பூட்டி வைத்திருக்கிற குறிப்பைக் கேட்டார். அதில் மெசினும் மணியும் மட்டும்தான், அதுவும் சட்டப்படி கடிதத்தோடு வருகிறவர்களுக்கு என்றேன்.

"மெசின் போகட்டும். உமக்குக் கண் இருக்கெல்லோ, அவள் என்ன எழுதினவள்?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு வாசிக்கத் தெரியும் ஐயா, வாசிக்கேல்லை" என்றேன்.

அவர் குகன் பக்கம் திரும்பி, மெசினைக் கழற்றித் தரச்சொன்னார், தன்னிடம் ஆள் இருக்கிறதாம், கிண்டி எடுப்பானாம். குகனின் கை வயருக்குப் போயிற்று. நான் கவுண்டரில் இருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு எழும்பிப் போய், அந்த மெசினுக்கு மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவற்றை நீட்டினேன். கொண்டுபோகிறவர் யார், யாரைத் தேடிக் கொண்டுபோகிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மெசினைத் தரலாம் என்றேன். கபினுக்குள் நின்றவர்கள்கூடக் கதவைத் திறந்து பார்த்தார்கள். முன்வரிசைக் கதிரைக்காரருக்குத் தன் பெயரை எழுத மனமில்லை. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதிரையைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

குகன் ஒரு போத்தல் தண்ணியை முழுதாகக் குடித்து முடித்தார். வதனி எங்கே என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. குகன் என் முகத்தைப் பாராமல், நாலாம் மெசினைப் பார்த்துச் சொன்னார்: "அவள் எழுதினது உள்ளுக்கை இருந்திருந்தால் நான் பயத்திலை எடுத்துக் குடுத்திருப்பன் அக்கா. அந்தக் கோட்டுக்காரரை இனி வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

இத்தனை வருஷம் களத்தில் நின்று வாதாடி ஒரு மனிதரையும் நான் மாற்றவில்லை, ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த லா சப்பலில், ஒன்றுமே தெரியாத ஒரு கடையை நடத்திக் காட்டினேன்.